எண்ணின் மேல் வைத்த பொட்டு

பாகூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம், "முக்கியமானத மூணு எடத்துல வைங்க" என்று ஓதி அனுப்புவேன். ஏம்பலத்தில் என் வீட்டு சர்வரில் இருந்ததோ இரண்டே ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றில் பதிவதெல்லாம் அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். அது போதும் என்று மெத்தனமாக இருந்துவிட்டேன்.

அந்த டிஸ்க்குகளில் அக்காவின் குரல் இருந்தது. தொண்டையில் புற்றுநோய், குரல்வளையையே எடுத்துவிடுவார்கள் என்று ஆனதும், ஆபரேஷனுக்கு முதல் நாள் அவள் முன்னால் போனை நீட்டி, "எதுனா பேசுக்கா" என்றேன். என்ன பேசுவதென்று தெரியாமல் நெத்திலிக் குழம்புக்கு என்னென்ன போட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். நடுவிலேயே, "டேய், தொட்டி வழியுது பாரு, மோட்டார நிறுத்துடா" என்று ஒரு அதட்டல். அவ்வளவுதான் பதிவு. அந்தப் போனும் பிறகு உடைந்துபோனது.

அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவாள். அந்தப் பதிவை அவளுக்கு நான் போட்டுக் காட்டியதே இல்லை. கேட்டால் உடைந்துபோவாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போன ஆயுத பூஜைக்கு சர்வரைப் பிரித்துத் தூசு தட்டி, டிஸ்க்குகளையும் அரிவாள், ஸ்க்ரூ டிரைவர்களோடு சாமி முன்னால் வரிசையாக வைத்தேன். அக்கா சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். மறுநாள் பொட்டோடு எடுத்து மாட்டினேன்.

சில மாதம் கழித்து, ஒரு டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் இருப்பதாக சர்வர் எச்சரித்தது. கேபிளை மாற்றினேன். பக்கத்துக் கரும்புக் கொல்லையில் மோட்டார் போட்டால் எங்கள் வீட்டில் கரண்ட் இறங்கும். அதனால் இருக்குமோ என்று பவர் சப்ளையையும் மாற்றினேன். பிழைகள் கூடிக்கொண்டே போயின. டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. கெட்ட டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணைத் திரை காட்டியது. கழற்றிப் பார்த்தால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. இரண்டிலும் எண் இருந்த இடத்தின் மேலேயே பொட்டு. சுரண்டினேன். காய்ந்த சந்தனத்தோடு எண்ணும் உரிந்து வந்தது.

தனித்தனியாக மாட்டி, எது எந்த எண் என்று திரையில் பார்த்திருக்க வேண்டும். கடைக்கு வரும் டிஸ்க்காக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவசரப் புத்தி. சர்வரின் மேல் தட்டில் எந்த எண், கீழ்த் தட்டில் எந்த எண் என்று பழைய நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதை நம்பி, மேல் தட்டில் இருந்ததை ஒதுக்கி மேசைமேல் போட்டுவிட்டு, மற்றதைக் கீழேயே திரும்ப மாட்டி, மேலே புதியதைச் செருகினேன். கீழே இருந்த டிஸ்க்கிலிருந்து எல்லாம் புதியதற்கு நகலாகத் தொடங்கியது. பாதி தாண்டியதும் நின்றது. நல்லது என்று நான் நினைத்த டிஸ்க் படிக்க மறுத்தது. அக்காவின் பதிவைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை.

மதியச் சோற்றுக்குக் கூப்பிட வந்த அக்காவின் மேல் பாய்ந்தேன்.

"ஒன்ன யாரு அதுமேலல்லாம் பொட்டு வைக்கச் சொன்னது? ஒன் கொரலு அதுலதான் இருந்துச்சி. போச்சி."

பதிலுக்குக் கத்த முடியாதவளிடம் கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அவள் நின்றபடியே போனில் தட்டினாள்.

"நீதான கயட்டி சாமி முன்னாடி வச்ச."

அடுத்த வரியையும் காட்டினாள். "மேசமேல ஒன்னு கெடக்குதே, அத மாட்டிப் பாத்தியா?"

பிடுங்கிப் போட்டதை மாட்டினேன். எல்லாம் திறந்தது. பூஜைக்கு மறுநாள் தட்டு மாற்றிச் செருகியிருக்கிறேன். நோட்டில் இருந்தது பூஜைக்கு முந்தைய கணக்கு. நல்லதைப் பிடுங்கிவிட்டுக் கெட்டதை நம்பியிருக்கிறேன். முதல் வேலையாக அந்தப் பதிவை ஒரு பென் டிரைவிலும் கடை கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன்.

சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வந்த அக்கா, "போடு" என்று தட்டிக் காட்டினாள். வேறு வழியில்லாமல் போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். தொட்டி வழியும் இடத்தில் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தட்டினாள்.

"எனுக்கு எதுக்குடா இது? மனசுக்குள்ள நான் இன்னும் இந்தக் கொரல்லதான் பேசிகினு இருக்கேன். ஒனுக்குத்தான் மறந்து பூடும். பத்திரமா வச்சிக்க."