ஐம்பது சதவீதம் அதிகம் விளைந்த ஊர்

கிராம சேவக் உத்தியோகத்தில் பயிரைப் பார்ப்பது கால்வாசி, பாரம் நிரப்புவது முக்கால்வாசி.

எழுபதுகளில் கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, புதூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களைச் சைக்கிளில் சுற்றினேன். என்னிடம் இருந்த பாரங்கள் எல்லாவற்றிலும் கடைசிக் கட்டம் ஒன்றுதான்: ‘சென்ற ஆண்டைவிட அதிகரிப்பு, சதவீதத்தில்.’ உங்கள் ஆபீசிலும் இப்படி ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பி நிரப்பி உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும். அப்படியானால் மேலே படியுங்கள், நாம் ஒரே சாதி.

மாலை யாருக்கு?

ஒட்டுக் கம்பு விதை கொடுத்து ஓர் ஊரில் இரண்டு பேர் நிலத்தில் சோதனைக்குப் போட்டோம். முதலாமவர் சோம்பேறி. முந்தின வருடம் களையே எடுக்காமல் ஏக்கருக்கு ஒரு மூட்டை கண்டிருந்தார். இந்த வருடம் இரண்டு. இரண்டாமவர் சீனியப்பன். விடியுமுன் நிலத்தில் நிற்கிற மனுஷன். முந்தின வருடம் ஆறு மூட்டை, இந்த வருடம் ஏழு. இரண்டு பேர் களத்திலும் நானே நின்று அளந்தேன்.

கூட்டத்தில் எங்கள் ஆபீசர் பாரத்தைப் பார்த்து வாசித்தார். சோம்பேறிக்கு நூறு சதவீதம் அதிகரிப்பு, மாலை, கைதட்டல். சீனியப்பனுக்குப் பதினாறே முக்கால் கூட வரவில்லை. “ஊரே முன்னேறுது, நீ மட்டும் ஏன்யா இப்படி?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இருவருக்கும் கூடினது அதே ஒரு மூட்டைதான்; ஒன்றை ஒன்றால் வகுத்தால் நூறு, ஒன்றை ஆறால் வகுத்தால் பதினாறு சொச்சம் என்று நான் எழுந்து சொல்லியிருக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சீனியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அப்பம் அடுத்த வருசம் நானும் ஒரு மூட்டையோட நிறுத்திக்கிடுதேன் சார். அதுக்கு அடுத்த வருசம் எனக்கு மாலை போடுங்க.”

காணாமல் போன பத்து

அதே ஊரில் முத்தம்மா என்று ஒரு ஆட்டுக்காரி. நாற்பது ஆடு வைத்திருந்தாள். ஐப்பசி மழையில் நோய் விழுந்து பாதி செத்துப்போயிற்று. ஐம்பது சதவீதம் குறைவு என்று எழுதினேன். மறு வருடம் குட்டிகள் தேறி இருபது முப்பதாயிற்று. ஐம்பது சதவீதம் அதிகரிப்பு என்று எழுதினேன். இரண்டும் சரியான கணக்கு.

ஆபீசர் இரண்டையும் கழித்து நேர்செய்து, “ஐம்பது போச்சு, ஐம்பது வந்துடுச்சு, நஷ்டம் ஈடாயிட்டது” என்று, ஆடு இழந்தவர்களுக்குச் சர்க்கார் குட்டி கொடுக்கும் பட்டியலிலிருந்து முத்தம்மா பெயரை அடித்துவிட்டார். “சார், போனது நாற்பதில் பாதி, வந்தது இருபதில் பாதி” என்றேன். “ஐம்பதுக்கும் ஐம்பதுக்கும் வித்தியாசம் சொல்ற முதல் ஆள் நீதான்யா” என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையில் இருந்த மைக்கூட்டை எடுத்து வீசலாமா என்றுகூட யோசித்தேன். வீசவில்லை, நானும் உங்களைப் போலத்தான்.

முத்தம்மா பஸ் ஏறி ஆபீசுக்கே வந்தாள். அவர் மேஜை முன்னால் கம்பை ஊன்றி நின்றுகொண்டு கேட்டாள்: “கணக்கு நேராயிட்டுன்னு சொல்லுதீகளாம். மிச்சம் பத்து ஆடு எங்கன மேயுதுன்னு சொல்லுங்க, போயி பத்திட்டு வாரேன்.”

இரண்டு மூட்டை

களத்தில் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும்போதும், எவ்வளவு கண்டது என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும். “என்னத்தக் கண்டுச்சு, ஒண்ணு ரெண்டு கிடக்கும்” என்பார்கள். மாலை போட்ட கூட்டத்துக்கு அடுத்த வருடம், கம்புக்கும் லெவி வரப்போகிறது, சர்க்காருக்குக் கட்டாயமாக அளக்கவேண்டும் என்று ஒரு புரளி வேறு. சீனியப்பனோ, உண்மையான கணக்கைக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர் களத்தில் ஏக்கருக்கு எட்டு மூட்டையை என் கண்ணால் பார்த்தேன். “ரெண்டு” என்றார். ஊரே ரெண்டு என்றது. நானும் சிரித்துக்கொண்டு இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

மறு வருடம் மழை பொய்த்தது. புல் பூண்டு இல்லை. மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. விளைச்சல் பாதிக்கும் கீழே போன ஊர்களுக்கு வைக்கோல் லாரி அனுப்பப்போவதாக உத்தரவு வந்தது. இந்தத் தடவை உண்மையைச் சொன்னால்தான் வைக்கோல் வரும் என்று நம்பி, சீனியப்பனும் ஊராரும் உள்ளபடி மூன்று மூட்டை என்றார்கள்.

புரிகிறதா? எட்டு மூன்றானால் அறுபத்திரண்டரை சதவீதம் குறைவு. ஆனால் பாரத்தில் எட்டு எங்கே இருக்கிறது? அங்கே இருப்பது இரண்டு. ஆபீசர் மூன்றில் இரண்டைக் கழித்தார், மிச்சம் ஒன்றை இரண்டால் வகுத்தார், நூறால் பெருக்கினார். வறட்சியில் ஐம்பது சதவீதம் அதிகம் விளைந்த ஊர்! பட்டியலில் இடமில்லை. அவர் போட்ட கணக்கில் அன்றைக்கு ஒரு தப்பும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

“சார், போன வருசம் எட்டு” என்றேன். பாரத்தை என் பக்கம் திருப்பிவைத்து, “இது யார் கையெழுத்து? பொய்யின்னு எழுதிக் கொடு. வைக்கோலும் வரும், உனக்கு மெமோவும் வரும்” என்றார்.

யோசித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினோரு நாள் யோசித்தேன். ஆபீசர்மேல் இத்தனை வருடம் கோபப்பட்டிருக்கிறேன். அந்தப் பதினோரு நாளுக்காக என்மேல் படுகிற கோபத்தில் அது கால் பங்கு வராது. பன்னிரண்டாம் நாள் எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது. லாரியும் வந்தது.

வைக்கோல் இறக்கும்போது ஊரே சுற்றி நின்றது. முத்தம்மா ஒரு கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்டுக் கிடைக்கு நடந்தாள். சீனியப்பன் மட்டும் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வைக்கோல் வாங்க வரவில்லையே என்று பக்கத்தில் போனேன். நான்கு நாளைக்கு முன்னால்தான் எட்டயபுரம் சந்தைக்கு இரண்டு உழவு மாடுகளையும் ஓட்டிப்போய், வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். பட்டினி போட்டுச் சாகடிக்க மனசு வரவில்லையாம்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கேள்விதான் கேட்டார். “போன வருசம் ரெண்டு மாடு. இப்பம் ஒண்ணுமில்ல. இது எத்தன சதவீதம் சார்?”

“நூறு சதவீதம் குறைவு அண்ணாச்சி.”

“அதையாவது சரியா எழுதுங்க.”

என் சர்வீசில் நான் சொன்னதில் யாரும் தப்பாகப் படிக்கமுடியாத ஒரே சதவீதம் அதுதான், பட்டினிக்குப் பயந்து விற்ற மாட்டை எழுதுவதற்குத்தான் எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை.