நைனா கேட்காமல் விட்ட ஊர்

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம். முன்பக்கங்களில் சித்தப்பாவும் மாமாவும் நைனாவின் அருமை பெருமைகளை எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் கடைசி ஆறு மாதம் நைனா எதை நினைத்து உருகினாரோ, அது அந்தப் பக்கங்களில் இல்லை. "செத்தவர கொறை சொல்லி யாராச்சும் புக்கு போடுவாங்களா?" என்று சித்தப்பா என்னிடம் கேட்டார். குறை சொல்வதற்காக எழுதவில்லை சித்தப்பா. நைனா சொல்லச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

நைனா பிறந்தது பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் குப்பத்தில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் படகில் ஏறினார். ஏரியில் இறால், முகத்துவாரத்தில் மடவை, காற்று விட்டால் கடல் என்று நாற்பது ஆண்டு உழைத்து எங்கள் மூவரையும் ஆளாக்கினார். வாய் கொஞ்சம் நீளம். பிடிவாதம் அதைவிட நீளம். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். நாலு கால் என்று நிரூபிக்கப் போய் அம்மா தோற்றதுதான் எங்கள் வீட்டு வரலாறு.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு பெருமழையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. குப்பமே பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியது. பதினொரு நாள் வீடு இல்லாமல், யாரோ கொண்டுவந்த பொட்டலத்தைச் சாப்பிட்டுக் கிடந்தோம். கொடுத்தவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் பொட்டலத்தை அவர்கள் ஒரு பக்கம் பிடிக்க, நாம் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும். பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் எழுதிக்கொண்ட பிறகுதான் கையை விடுவார்கள். நைனா ஒரு நாள்கூட அந்த வரிசையில் நிற்கவில்லை. அம்மா வாங்கிவந்த பொட்டலத்தில் நாங்கள் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, வலை இழுத்த தோள்பட்டை விட்டுப்போனதும், படகைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு நைனா தொடங்கியதுதான் பொன்னேரிச் சாப்பாடு. ரயில் நிலையத்தைச் சுற்றியும் மார்க்கெட் ஓரத்திலும் வீடு வாசல் இல்லாமல் படுத்துக்கிடப்பவர்களுக்கு மதியம் ஒரு வேளை. அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் விடிவதற்குள் உலை வைப்பார்கள். பழவேற்காட்டில் அரிசி மண்டி வைத்திருக்கும் பாய் அரிசி தருவார். கரைக்கு வரும் ஒவ்வொரு படகும் ஒரு கை மீன் போடும். குண்டானை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நைனா போவார். ஒரு கடைக்காரர் இடம் கொடுத்த தகரக் கொட்டகையில் பரிமாறுவார். இதற்கு ஒரு பெயர் வைத்துப் பலகை மாட்டலாமே என்றேன். "சோத்துக்கு இன்னாம்மா பேரு?" என்றார்.

பலகை கிடையாது, ஆனால் சட்டம் உண்டு. படம் எடுக்கக் கூடாது. சாப்பிட வந்தவரிடம் பெயரோ ஊரோ கேட்கக் கூடாது. பேரனின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வந்த மாமா போனைத் தூக்கியபோது, நைனா அதைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசிப் பந்தி முடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் செய்தி உறவு முழுக்கப் பரவி, பிறகு எவரும் போனை வெளியே எடுக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் இன்னொரு சட்டமும் சேர்ந்தது. ஒருவன் வந்து, தங்கையைத் தேடுகிறேன் என்று அழுதான். நைனா இரக்கப்பட்டு, மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார். அவன் அண்ணன் அல்ல, புருஷன். அடி தாங்காமல் அவனிடமிருந்து ஓடிவந்தவள் அவள். எச்சில் கையோடு ஆட்டோவில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனான். அவள் மறுபடி வரவே இல்லை. அன்றிலிருந்து, யார் வந்து யாரைத் தேடினாலும் "தெரியாது" என்பதுதான் எங்கள் பதில்.

அங்கே சாப்பிட்டவர்களில் ஒருவரை நாங்கள் பாய்மரம் என்போம். அவ்வளவு உயரம். வெள்ளைத் தாடி, தெலுங்கு கலந்த பேச்சு. இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். கூட்டமெல்லாம் போன பிறகு கடைசியாக வருவார், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். நான்கு ஆண்டுகள் இப்படிச் சாப்பிட்டார். நைனாவுக்கு அவர் மேல் தனிப் பிரியம். மீன் தலை அவருக்கென்று இருக்கும்.

ஓர் ஆவணி மாதம், வயதான அம்மா ஒருவர் கையில் ஒரு போட்டோவோடு வந்தார். "இவர எங்கியாச்சும் பாத்துக்கிறீங்களா?" என்றார். பரிமாறுவதற்காக நானும் அன்று போயிருந்தேன். படத்தில் தாடி இல்லை, முடி கறுப்பு. ஆனாலும் அது பாய்மரம்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நைனா என்னைப் பார்த்தார். நான் குனிந்து குழம்பைக் கலக்கினேன்.

"தெரிலம்மா. எத்தினியோ பேரு வராங்க, போறாங்க," என்றார் நைனா. அந்த அம்மாவை உட்கார வைத்துச் சோறு போட்டார். அவர் சாப்பிட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனார். சாப்பிட்டவரிடம் ஊர் கேட்கக் கூடாதே, கேட்கவில்லை.

அவர் போய் ஒரு மணி நேரம் கழித்துப் பாய்மரம் வந்தார். நைனா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணாத்தே, ஒரு அம்மா உங்க போட்டோவ வெச்சிகினு தேடிகினு வந்திச்சி. நான் ஒண்ணும் சொல்லல."

பாய்மரம் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். "எந்த ஊருலேர்ந்து வந்தாளாம்?" என்றார்.

"கேக்கலியே அண்ணாத்தே."

அவர் மீதியைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அடுத்த நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வீங்கிய காலோடு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். நைனா ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை, ரயில் நிலையப் படிக்கட்டின் அடியில் அவர் இறந்துகிடந்தார். காவல் நிலையத்தில் சொந்தக்காரர் யாராவது உண்டா என்றார்கள். ஓர் அம்மா தேடி வந்ததாக நைனா சொன்னார். எந்த ஊர் என்றார்கள். தெரியாது என்றார். அடையாளம் தெரியாத ஆண் என்று எழுதிய தாளில் நைனா கையெழுத்துப் போட்டு, கூலிக்கு ஆள் வைக்காமல் தாமே ஒரு பக்கம் தூக்கி அடக்கம் செய்தார்.

பங்குனியில் அந்த அம்மா மறுபடி வந்தார். நைனா அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதைத்த இடத்தையும், காவல் நிலையத்திலிருந்த பிணத்தின் படத்தையும் காட்டினார். "நீங்க போன அப்புறம்தாம்மா அவரு வந்தாரு. உங்களப் பத்தி சொன்னேன்," என்றார். அந்த அம்மா அழவில்லை. தம் கதையைச் சொன்னார்.

எளாவூர் செக்போஸ்டைத் தாண்டி ஓர் ஊரில் அவர்கள் வீடு. அண்ணன் தம்பிச் சண்டையில் கோபித்துக்கொண்டு வெளியேறியவர் கணவர். தனியாக இருக்க முடியாமல் இந்த அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு, வேறு ஊரில் இருக்கும் தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆவணி மாதம், பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில் தாடிக்காரர் ஒருவர் காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாராம். யாரோ பிச்சைக்காரர் என்று பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அவரும் யாரையும் எதுவும் கேட்காமல் எழுந்து போய்விட்டார். சொம்பை வாங்கிய கையில் பாதி விரல் என்று அவள் பின்னால் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் இந்த அம்மாவுக்குப் புரிந்து, மறுபடி தேடிக் கிளம்பியிருக்கிறார்.

"எந்த ஊரும்மான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா, அவரு என் அண்ணன் வூட்டுக்கு வந்திருப்பாரு," என்றார். மூன்று கால் முயலை விடாத மனிதர் அன்று தலை குனிந்து நின்றதைப் பார்த்தேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. என் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

மறுநாளே நைனா ஒரு நோட்டு வாங்கினார். வருகிறவர்களிடமெல்லாம் பெயர், ஊர், வீட்டில் யார் என்று கேட்கத் தொடங்கினார். "இன்னா நைனா, நீயும் ரேஷன் கடை ஆயிட்டே?" என்று ஒருவர் தட்டை வைத்துவிட்டுப் போனார். சொல்ல விருப்பமில்லாதவர்கள், சொல்லத் தெரியாதவர்கள், சொல்ல ஊரே இல்லாதவர்கள் என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அறுபது பேர் சாப்பிட்ட இடத்துக்குப் பத்துப் பேர் வந்தார்கள். ஆடி மாதம் கொட்டகையைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டோம். அந்த அறுபது பேரும் இப்போது எங்கே சாப்பிடுகிறார்கள், சாப்பிடுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கத் துணிவும் இல்லை.

அதன் பிறகு நைனா தேறவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். சோறு இறங்கவில்லை; கஞ்சியும் இறங்கவில்லை. கடைசி வாரம் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்தம்மாவ போய் பாரும்மா. போட்டோவ பாத்த ஒடனே எனக்கு அடையாளம் தெரிஞ்சிச்சின்னு சொல்லு. அத மட்டும் நான் சொல்லவே இல்ல."

"எனக்கும்தானே நைனா தெரிஞ்சிச்சி," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான்காம் நாள் போய்விட்டார்.

நான் போக ஓராண்டு ஆயிற்று. சென்ற மாதம், இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன், எளாவூர் தாண்டி விசாரித்துப் போய் அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். போட்டோவைப் பார்த்தவுடனே நைனாவுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது என்றேன். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் அவரே வந்திருப்பார் என்றும் சொன்னேன். அந்த அம்மா மன்னிப்பதாகச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பிறகு ஒன்று கேட்டார்.

"என்கிட்ட இருக்கிற போட்டோல அவருக்குக் கறுப்பு முடி. ஸ்டேஷன்ல காட்னதுல கண்ணு மூடிகிது. வயசானப்ப எப்டி இருந்தாருன்னு நான் பாக்கவே இல்லம்மா. கண்ணு தெறந்த படம் ஒண்ணு குடு. நாலு வருசம் சோறு போட்டிங்களே, ஒண்ணு கூடவா இல்ல?"

நம் வழக்கப்படி நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. அரிசி தந்த பாய்க்கும், மீன் போட்ட படகுக்காரர்களுக்கும், அம்மாவோடு உலை வைத்த இரு பெண்களுக்கும், இடம் கொடுத்த கடைக்காரருக்கும், நைனாவைக் கடைசிவரை தூக்கித் துடைத்த என் தம்பிக்கும் தங்கைக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். பிறந்தநாள், கல்யாணநாள் என்று பொன்னேரிக்கு வந்து ஒரு வேளைச் சாப்பாடு போட்ட சொந்தங்களிடம் நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் பழைய போன்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். நைனா பார்க்காத நேரத்தில், அவருக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்திருந்தால், அதன் ஓரத்தில் உயரமான, வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் இருந்தால், வெட்கப்படாமல் கொண்டுவந்து கொடுங்கள்.

இதுவரை நாற்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டேன். "அவருக்குப் புடிக்காதேன்னு எடுக்கல" என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில். நைனாவின் சொல்லை நீங்கள் ஒருவர் விடாமல் மதித்திருக்கிறீர்கள். அதற்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.