பில்டர் போட்டது யார்?

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். கட்டிலில் என் வீட்டுக்காரர், கால்மாட்டில் நான், கதவோரம் என் தம்பி முருகையன், டாக்டர், மருந்துப் பையை மாட்டிக்கொண்டிருந்த சிஸ்டர்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவருக்குக் குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. குடல் ஆறும்வரை வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஆகாது என்றார்கள். கழுத்து நரம்பு வழியாக டி.பி.என். (சாப்பிட முடியாதவர்களுக்கு இரத்தக்குழாயில் ஏற்றும் சத்துணவு) கொடுத்துத்தான் உயிரைப் பிடித்துவைக்க வேண்டும்.

நான் எட்டாவதோடு நின்றவள். பயப்படப் படிப்பு வேண்டாமே. குழாயில் ஒரு குமிழி தெரிந்தால் சிஸ்டரைத் தேடி ஓடுவேன்.

டாக்டர் குனிந்து, "ஐயா, உங்களுக்கு பில்டர் போடப்போறோம். அம்மா கையெழுத்துப் போடட்டும்" என்றார்.

என் வீட்டுக்காரர் காய்ச்சல் மயக்கத்தோடு தலையைத் தூக்கினார். "நான் போடலங்க. அது முன்னாடியே கெடந்த பில்டர். ஏய், கையெழுத்துப் போட்டுறாத."

டாக்டர் விழித்தார். எனக்குப் புரிந்தது. இலவசக் கரண்ட் வந்தபின் எங்கள் பக்கம் பில்டர் என்றால் வயலில் இறக்கும் குழாய்க் கிணறு. குத்தகை நிலத்தில் கேட்காமல் பில்டர் போட்டோம் என்று சொல்லி, எங்களை வெளியேற்ற நிலக்காரர் கேஸ் போட்டிருந்தார். இவர் கண்ணுக்கு எந்தக் காகிதமும் அந்தக் கேஸ் காகிதம்தான்.

"மச்சான், இது ஒங்க கழுத்துல போடுறது. மோட்டாரும் வேணாம், கரண்ட்டும் வேணாம்" என்றான் முருகையன்.

"யாரு எடத்துல போட்டாலும் கேட்டுட்டுத்தான் போடணும் மாப்ள."

"அதுக்குத்தாங்க கேக்குறேன்" என்று டாக்டர் சிரித்துவிட்டார். ஒரு ரூபாய்க் காசு அளவில், குழாய் நடுவே பொருத்தும் வட்டத் தட்டைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத துகளும் காற்றுக் குமிழியும் இரத்தத்துக்குள் போகாமல் அது பிடித்துக்கொள்ளுமாம். இவர் தலையாட்டிய பிறகே கையெழுத்துப் போட்டேன்.

சில நாள் கழித்து, பம்ப் (மருந்தை அளந்து செலுத்தும் மெஷின்) விடாமல் கத்தியது.

"அக்கா, அந்தத் தட்டுதான் அடைக்குது. கழட்டச் சொல்லு" என்றான் தம்பி. அவருக்குச் சாப்பாடு நின்றுபோச்சே என்ற பதற்றத்தில் நானும் சிஸ்டரிடம் அதையே கெஞ்சினேன்.

"கழட்டக் கூடாதும்மா" என்ற சிஸ்டர், மெஷினை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வந்து பார்த்து, பையோடு குழாயோடு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். "பையில இருக்குற சத்து உள்ளயே திரிஞ்சிருக்கு. வெளியிலேர்ந்து பாத்தா தெரியாது. இந்தத் தட்டு இல்லன்னா அது நேரா நுரையீரலுக்குப் போயிருக்கும்."

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது: "மச்சானைக் கொல்லப் பாத்தியேடா மாப்ள."

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி ஏறிக்கொண்டிருக்கலாம். எல்லா மருந்துக்கும் இந்தத் தட்டு பொருந்தாது, அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். மெஷின் கத்தினால் நீங்களாக எதையும் கழற்றாதீர்கள், கழற்றச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம். சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

குடல் ஆறியது. கேஸ் ராஜியில் முடிந்து பாதி நிலம் போனது. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி நாட்களுக்கு ஏங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள். நடவு, மாடு, கோர்ட்டு என்று எதுவும் கூப்பிடாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரு அறையில் சும்மா உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

முன்பெல்லாம் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். இப்போது எதிரே உட்கார்ந்து அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். அவர் விழுங்கியது வயிற்றில் போய் அமர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகுதான் எனக்குப் பசிக்கிறது.