எதிராளிக்கு ஒரு வழி

மனோகரனுக்கு அநியாயம் என்றாலே ஆகாது. அதிலும் தொலைதூரத்தில் நடந்த அநியாயம் என்றால் கண்ணே கலங்கிவிடும். அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்மணி பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த கதையை வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார். இன்றும் சரியாக அதே வரியில் குரல் தழுதழுக்கும். பேச்சு வைக்கம் கோயில் தெருப் போராட்டத்துக்கு வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அம்பத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தில் 'வளரும் தலைவர்களுக்கான அறவழிப் பயிற்சி' நடத்துவதுதான் அவர் பிழைப்பு. முன்பு அங்கேயே தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் தொழிற்சங்கம் வைத்திருந்தார். கம்பெனியை மூடினார்கள், சங்கமும் மூடிக்கொண்டது, பேச்சை மட்டும் யாராலும் மூட முடியவில்லை.

வகுப்பில் எல்லாருக்கும் பிடித்தது போலீஸ் நாடகம். பயிற்சிக்கு வந்தவர்கள் தரையில் உட்காருவார்கள். மனோகரன் காக்கித் தொப்பியை மாட்டிக்கொண்டு, "எழுந்திரு! இது உன் இடமா? யாரைக் கேட்டு உட்கார்ந்தே?" என்று காது கூசத் திட்டுவார். உட்கார்ந்தவர்கள் கை ஓங்கக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது, இடத்தை விட்டு அசையவும் கூடாது. இவ்வளவு நல்ல மனுஷருக்குள் இப்படியொரு கெட்ட போலீஸ் எங்கே ஒளிந்திருந்தார் என்று எல்லாரும் வியந்து கை தட்டுவார்கள்.

இந்த முறை ஆள் குறைந்துவிட்டது. நாற்காலி காலியாகக் கிடந்தால் பயிற்சிக்கு உதவும் டிரஸ்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ராஜம்மாவையும் வளரும் தலைவராக்கிவிட்டார். ஐம்பதைத் தாண்டியவள் இனி எந்தப் பக்கம் வளரப் போகிறாள் என்று மனைவி மங்களம் கேட்டாள். "மத்தியானம் சாப்பாடு போடுறோம், வந்துட்டுப் போகட்டுமே" என்றார் மனோகரன் பெருந்தன்மையாக.

ராஜம்மா சாப்பிட மட்டும் வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டாள். அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த ஓர் அடுக்ககத்தில், மனோகரன் வீடு உட்பட, அவள் வேலை செய்யும் மூன்று வீடும் நாலாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டும் இருக்கிறது: 'வேலையாட்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' அடியில் 'செயலாளர்' என்று போட்டிருக்கும். செயலாளர் வேறு யாருமில்லை, அநியாயம் ஆகாத நம் மனோகரன்தான். படி ஏற முடியாத நாளில் மூன்று வீட்டு வேலையும் போய்விடும் என்பது ராஜம்மாவுக்குத் தெரியும். அவருக்கு அதை யோசிக்க நேரமில்லை, உலகத்தில் எவ்வளவோ பிரச்சினை.

கடைசி வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தார். அவரவர் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன அநியாயத்தை எதிர்த்து அறவழியில் உட்கார வேண்டும். "எதிராளிகிட்ட முன்கூட்டியே சொல்லிடணும். ஒளிஞ்சு செய்யறது நம்ம வழி இல்லை. அதைவிட முக்கியம், அவன் கௌரவமா இறங்கி வர ஒரு வழி விட்டு வைக்கணும்" என்றார்.

மறுநாளே ராஜம்மா மனோகரன் வீட்டு ஹாலில் வந்து நின்றாள். "சார், வெள்ளிக்கெயம காத்தால நான் ஒக்காரப் போறேன்."

மனோகரன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெரி குட், ராஜம்மா! தைரியமா உட்காரு." எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அநியாயம் எப்போதும் வேறு எங்கேயோதானே நடக்கும்.

வெள்ளிக்கிழமை நடைப்பயிற்சி முடித்து வந்தவர் திகைத்து நின்றார். லிஃப்ட் வாசலில் கதவு மூட முடியாதபடி குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் ராஜம்மா. லிஃப்ட் விடாமல் கீச்சிட்டது. மூன்றாம் மாடி பரந்தாமன் கீரைக்கட்டோடு நின்று, "செக்ரட்டரி சார், இன்னா சார் இது? போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

மனோகரனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "எழுந்திரு! இது உன் இடமா? யாரைக் கேட்டு உட்கார்ந்தே?"

ராஜம்மா நேரே பார்த்தபடி மூச்சை இழுத்து விட்டாள். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். "உங்களத்தான் சார் கேட்டேன். தைரியமா ஒக்காருன்னீங்களே. அங்க தொப்பி போட்டுக்கினு திட்டுனீங்க, இங்க தொப்பி இல்லாமலே நல்லா வருது."

பரந்தாமன் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். மாடிப்படி வழியே மங்களத்தின் குரல் இறங்கியது. "அவ வராட்டி போகட்டும், வேற ஆள் பாத்துக்கலாம்!"

ராஜம்மா மாடிப்படியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் அவள் கை ஓங்கவில்லை, குரல் உயரவில்லை, இடத்தை விட்டு அசையவுமில்லை. இத்தனை வருடப் பயிற்சியில் இவ்வளவு சரியாக உட்கார்ந்த மாணவர் அவருக்கு வாய்த்ததில்லை. அதற்காக அவர் சந்தோஷப்பட்டார் என்று சொல்ல முடியாது.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "போர்டு துருப்பிடிச்சிப் போச்சு, அதான் கயட்டிட்டேன்னு சொல்லிக்கோங்க சார். நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். எதிராளிக்கு கௌரவமா ஒரு வழி வுடணும்னு நீங்கதான சொன்னீங்க."

எதிராளி. அந்தச் சொல்லை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். தன்னை அதில் வைத்து ஒரு தடவையும் பார்த்ததில்லை. மனோகரனுக்கு வெட்கமாக இருந்தது. காவலாளியிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, "துருப்பிடிச்சிருச்சு சார்" என்று பரந்தாமனிடம் சொல்லிக்கொண்டே போர்டைக் கழற்றினார். போன வருடம்தான் மாட்டிய போர்டு, பளபளவென்று இருந்தது. தரையிலிருந்து எழ முடியாமல் தவித்த ராஜம்மாவுக்குக் கை கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள், லிஃப்டில் ஏறி நாலாம் மாடிக்குப் போனாள்.

அடுத்த பயிற்சியில் புதிதாக ஒரு கதை சேர்ந்தது. "நம்ம பக்கத்துலயே ஒரு அடுக்ககத்துல நடந்தது" என்று ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "அந்தச் செயலாளர் மட்டும் அன்னிக்கு பெருந்தன்மையா இல்லாம போயிருந்தா..." என்று தழுதழுத்தார் மனோகரன். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ராஜம்மா, கொடுத்த வாக்குப்படி, வாயைத் திறக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு கையை மட்டும் தட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.