ஒரகடத்தில் தெரிந்த ரன்வே

நான் சிறிய விமானம் ஓட்டுகிறேன். சொந்த ஊர் ஒரகடம் என்றாலும், சென்னை விமான நிலையத்தில் அன்றுதான் முதல்முறையாக இறங்க வந்தேன். காலையிலிருந்து மூன்றாவது பயணம். விமான நெரிசல் என்று கட்டுப்பாட்டு அறையினர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேலேயே முக்கால் மணி நேரம் சுற்ற வைத்தார்கள். அலுத்துப்போன கண்ணுக்கு நீளமாக ஒரு பாதை தெரிந்ததும், "ரன்வே தெரிகிறது" என்று அவர்களிடம் சொல்லி இறக்கத் தொடங்கினேன்.

அதில் ஒரு லாரி ஓடியது! பதறி மேலே ஏற்றினேன். அது எங்கள் ஊரில் புது வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் டிராக்.

மாலையில், அங்கே டிரைவராக இருக்கும் அண்ணன் போன் செய்தார். "எவனோ பிளேன எங்க தலை மேலயே எறக்கப் பாத்தான்டா. தூங்கிக்கினே ஓட்டறான் போல கீது."

இப்போதெல்லாம் ரன்வே முனையில் எழுதிய எண்ணைப் படிக்கும்வரை "தெரியவில்லை" என்றே சொல்கிறேன். அது நான்தான் என்று அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை அவர் விடாமல் படிப்பார்.