வழித்த மீசைக்கு மாமன் கட்டிய தண்டம்

என் தாய்மாமன் சந்தனத்துக்கு நான் எழுபத்தைந்து ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஐம்பது வருடத்துக் கடன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று வண்டிப்பெரியாரில் சொந்தமாக மூன்று ஜீப் வைத்திருக்கிறேன் என்றால் சும்மாவா? அந்த மூளை பதினைந்து வயதிலேயே இருந்தது. அந்த வயதில்தான் பக்கத்து வீட்டு முற்றத்தில் காய்ந்த மிளகை அள்ளி விற்று, கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

இளவட்டங்கள் திருடினால் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எஸ்டேட் லயத்தில் முன்னோர் வைத்த வழக்கம் ஒன்று இருந்தது. மீசை முளைத்தவன் தண்டத்தைத் தானே கட்ட வேண்டும். முளைக்காதவனுக்குத் தாய்மாமன் கட்ட வேண்டும். பிறந்த தேதி யாருக்குமே தெரியாத காலத்துக் கணக்கு அது. பஞ்சாயத்துக் கூட்டம் கூடுவதற்கு முன்பே நான் ஒரு பிளேடு வாங்கிச் சுத்தமாக வழித்துவிட்டேன்.

லயத்துத் தலைவர் என் உதட்டுக்கு மேலே தடவிப் பார்த்தார். "பச்சப்புள்ளயில்ல இவன்! சந்தனம், ரூவாய எடு."

"நேத்து வர இருந்துச்சுய்யா!" என்று மாமா குதித்தார். யாரும் கேட்கவில்லை. தண்டம் எழுபத்தைந்து ரூபாய்; மாமாவின் பதினைந்து நாள் கூலி போயிற்று.

போன மாதம் எண்பது வயது மாமா ஜீப் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். டிரைவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏலே மருமவனே, சாவுறதுக்குள்ள ஒண்ணு தெரியணும். அன்னைக்கு ஒனக்கு மீச இருந்துச்சா இல்லையா?"

அத்தனை பேர் முன்னால் எனக்கு மீசையின் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது. "இருந்துச்சு மாமா. நல்லா அடர்த்தியாவே இருந்துச்சு!"

"கேட்டுக்கிட்டீங்களாய்யா எல்லாரும்? அப்ப எடுலே ரூவாய!"

டிரைவர்கள் விசிலடிக்க, நீட்டிய அவர் உள்ளங்கையில் எழுபத்தைந்து ரூபாயை எண்ணி வைத்தேன்.