தண்ணீர் வரும் வாரத்து முருகேஸ்வரி அக்கா

சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்த கையோடுதான் போனை எடுத்தேன். பக்கத்து ஊர் அங்கன்வாடியின் உதவியாளர் ராசாத்தி. எடுத்ததும் மூச்சு வாங்கினாள். எங்களுக்குள் போன் வந்தால் ஒன்று சிலிண்டர் தீர்ந்திருக்கும், இல்லை முட்டை வந்திருக்காது. அந்த நினைப்பில், "என்னடி, சொல்லித் தொலை" என்று அதட்டினேன். "சம்சாத்து அக்கா, எங்க டீச்சர் போயிட்டாக. நெஞ்சு வலிக்கிதுன்னு உக்காந்தாக. தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றாள். எதிரே பிள்ளைகள் உருண்டைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அந்த டீச்சர்தான் முருகேஸ்வரி அக்கா. அவரை நம் வட்டாரத்து அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாருக்கும் தெரியும். மாதக் கூட்டத்தில் கதவோரமாக உட்கார்ந்திருப்பார். கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் பஸ் ஸ்டாண்டில் இருப்பார். டீ, வடை எதற்கும் நிற்க மாட்டார். 'அந்தம்மாவுக்குத் தலைக்கனம்' என்று நம்மில் சிலர் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கும். கோடை முடியும் நாட்களில் அவர் பிள்ளைகளை வைத்து நடத்திய விளையாட்டுகளை மட்டும் வட்டார அலுவலகத்தில் படம் பிடித்து எல்லா மையங்களுக்கும் அனுப்பினார்கள். நாமும் பார்த்துச் செய்தோம், கைதட்டல் வாங்கினோம். அவை எதற்காக ஆரம்பித்தன என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அக்கா எதையும் ஒளிக்கிற ஆள் இல்லை.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியிலிருந்து அவர் ஊருக்குப் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஒரு வைகாசிக் கடைசியில் அந்த விளையாட்டுகளை நேரில் பார்த்து வரலாம் என்று போனேன். மையத்தின் சிமென்ட் முற்றம் வெயிலில் காய்ந்து வெந்நீர் அடுப்பாகக் கிடந்தது. சாயங்கால நிழல் விழுந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழைய பெயின்ட் பிரஷும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து முற்றத்தில் படம் வரையச் சொன்னார். ஒரு பயல் யானை வரைந்தான். வாலை வரைந்து முடிப்பதற்குள் தும்பிக்கை காய்ந்துபோனது. "டீச்சர், ஏ யானையக் காணாம்!" என்று ஓவென்று அழுதான். "காணாமப் போகலடா தங்கம். தண்ணி மேல போயிருக்கு. குமுளிப் பக்கம் மழையாப் பேஞ்சு, வாய்க்கா வழியா நம்மூருக்குத் திரும்பி வரும். வரும்போது வெரசா வரும். அப்ப நாம என்ன செய்யணும்?" என்றார். அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், "டீச்சர் கையப் பிடிச்சுக்கணும்!" என்று கத்தினார்கள். சின்னப் பிள்ளைகளிடம் இதென்ன பேச்சு என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

வீட்டில் தின்ற மாம்பழங்களின் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார். பெரிது, சிறிது என்று பிள்ளைகள் வரிசை வைப்பார்கள். போடியிலிருந்து வாங்கி வந்த இலவம்பஞ்சைச் சிறு சிறு துணுக்காகப் பிய்த்துக் கொடுத்து, வாசலில் நின்று பறக்கவிடச் சொல்வார். பஞ்சு எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளைகள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அது மலைப் பக்கமிருந்து கிழக்கே பறந்தால் "மேகாத்து வந்துருச்சு" என்பார். மலையில் மழை கொண்டுவரும் மேல்காற்று அது. அன்றிலிருந்து அவர் முகம் மாறிவிடும். நாற்காலியை எடுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டுக்கொள்வார். கழிவறைக்குப் போவதென்றால்கூட ராசாத்தியை அங்கே உட்காரவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி ஊர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளத்தாக்கில் கோடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். அப்போது அதுதான் பிள்ளைகளுக்கு மைதானம். பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், சிறிசுகள் மணல் வீடு கட்டும். பிறகு ஒரு நாள் அணையைத் திறக்கிறார்கள். பெரியவர்கள் பூத்தூவிக் கும்பிடுகிறோம். நேற்றுவரை விளையாடிய இடம் இன்றைக்கு வேறு என்று நாலு வயதுப் பிள்ளைக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

அக்காவுக்கும் அப்போது தோன்றியிருக்கவில்லை. பல வருடங்களுக்கு முந்தைய கதை. கோடை முடிகிறதே என்று பிள்ளைகளுக்கு வாழைப்பட்டையில் படகு செய்யக் கற்றுக்கொடுத்தார். அண்டாவில் தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டார்கள். வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு படகைக் கையில் கொடுத்து, "தண்ணி வரட்டும், வாய்க்கால்ல விட்டு விளையாடலாம்" என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினார். தண்ணீர் மறுநாளே வந்தது. யாழினி என்று ஒரு பிள்ளை. அவள் அம்மா பஞ்சவர்ணம் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரி. காலையில் ஜீப்பில் மலையேறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். மூன்றரைக்கு மையம் விட்டதும் சித்தி வந்து யாழினியைக் கூட்டிப் போனாள். சித்தி துணி எடுக்க மாடிக்குப் போன நேரத்தில் பிள்ளை படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. மணல் வீடு கட்டுகிற இடத்தில்தான் இறங்கியிருக்கிறது. கீழே மதகில் எடுத்தார்கள்.

விசாரணை வந்தது. மையம் விட்ட பிறகு நடந்ததால் அக்கா மேல் குற்றமில்லை என்றாகிவிட்டது. வந்தவர்களில் ஒருவர் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, "படகப் பத்தி வாயத் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நேரே பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனார். "படகச் செஞ்சு குடுத்தது நாந்தான். வாய்க்கால்ல விடலாம்னு சொன்னதும் நாந்தான்" என்றார். பஞ்சவர்ணம், "போயிரு. ஏங் கண்ணு முன்னால நிக்காத" என்றாள். வலியப் போய் ஏன் வாங்கிக்கட்டிக்கொண்டீர்கள் என்று பிற்பாடு நான் கேட்டபோது அக்கா சொன்னது இது: "தோட்டத்துக்குப் போனதாலதான் புள்ள செத்துச்சுன்னு அவ தலையில அடிச்சுக்கிட்டுக் கெடந்தா சம்சாத்து. அந்தப் பழியில பாதியாவது நான் வாங்கிக்க வேணாமா?"

பஞ்சவர்ணத்துக்கு அப்போது கைக்குழந்தை ஒன்று இருந்தது. ரித்திகா. அவள் மையத்துக்கு வரும் வயது வந்தபோது பஞ்சவர்ணம் அனுப்பவில்லை. போர்வையில் சுற்றி ஜீப்பில் தன்னோடு மலைக்குக் கொண்டுபோனாள். கூடலூர் தாண்டி மேலே போகிற ஜீப்பில் எத்தனை பேரை அடைப்பார்கள் என்று நமக்குத் தெரியும். மேலே போனால் சாரலும் அட்டையும் மருந்து அடிக்கிற வாடையும். அதில் ஒரு பச்சைப் பிள்ளை. அக்கா விடிவதற்கு முன்னால் ஜீப் வருகிற முக்கில் போய் நிற்க ஆரம்பித்தார். எதுவும் கேட்க மாட்டார், நிற்பார். "இந்தம்மாவுக்குப் பைத்தியந்தான்" என்று ஜீப்பிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரத்தில் வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பார்கள். அக்கா அந்த மழைக்காலம் முழுக்க நின்றார். கடைசியில் ஒரு நாள் பஞ்சவர்ணம் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து பிள்ளையை அவர் கையில் திணித்தாள். "நான் வந்து ஏங் கையால வாங்குறவரைக்கும் வேற எவகிட்டயும் குடுக்கக் கூடாது. எந்நேரமானாலும் சரி" என்றாள்.

அன்றிலிருந்து அக்காவின் மையம் மூன்றரைக்குப் பூட்டியதே இல்லை. தண்ணீர் வரும் வாரங்களில் ரித்திகாவுக்கு மட்டுமில்லை, மலைக்குப் போன எல்லாப் பெண்களின் பிள்ளைகளுக்கும். அவ்வளவு நேரம் சின்னப் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்காரவைப்பது எவ்வளவு பெரிய பாடு! ஓடவும் விடக்கூடாது, அழவும் விடக்கூடாது. "புள்ள அழுதா வாசலப் பாக்கும். வாசலப் பாத்தா கால் நிக்காது" என்பார். தண்ணீர்ப் படமும் மாங்கொட்டையும் பஞ்சும் அப்படி வந்தவைதான். ஜீப் வரும்வரை பிள்ளைகளின் கண்ணை வாசலிலிருந்து திருப்பிவைக்க ஒரு பொம்பளை தவித்த தவிப்பைத்தான் நாம் பருவகாலச் செயல்பாடு என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம் நானும் கூட இருந்தேன். குமுளி ரோட்டில் மரம் விழுந்து ஜீப்புகள் நின்றுவிட்டன. கரண்டும் போய்விட்டது. அக்கா ஒவ்வொரு பிள்ளை மடியிலும் ஒரு மாங்கொட்டையை வைத்து, "பாப்பாவுக்குத் தூக்கம் வருது, தட்டிக் குடுங்க" என்றார். இருட்டுகிற நேரத்தில் அத்தனை சிறிசுகளும் கொட்டைகளைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தன. அக்கா பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். ஜீப் வந்து, பெண்கள் ஓடி வந்து, ஒவ்வொரு பிள்ளையாகப் போய், ரித்திகா கடைசி. பஞ்சவர்ணம் கையை நீட்டினாள், பிள்ளையை வாங்கினாள், ஒரு வார்த்தை பேசாமல் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமாக்கும்!" என்றேன். அக்கா சிரித்தார். "அவ பேச வேணாம் சம்சாத்து. கை நீட்டுறாள்ல" என்றார். மன்னித்துவிட்டாளா என்று கேட்டேன். "இல்ல. அதக் கேக்க எனக்கும் வாய் வராது" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா வீட்டுக் கேதத்துக்குப் போயிருந்தபோது பொழுது சாயப் போகிற நேரம் பஞ்சவர்ணம் தோட்டத்து உடுப்போடு நேரே ஜீப்பிலிருந்து இறங்கி வந்தாள். அழவில்லை. அக்காவின் கால்மாட்டில் போய் நின்றுவிட்டு என் பக்கத்தில் வந்து, "தண்ணி எப்ப விடுறாக டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் என்று பேச்சு என்றேன். "இனி யாரு இருப்பா?" என்றாள். ரித்திகா இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். அவள் கேட்டது மற்ற பிள்ளைகளுக்காக. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவுக மேல எனக்குக் கோவம் இன்னமும் போகல டீச்சர். ஆனா அவுக இங்கன இருக்காகன்ற தைரியத்துலதான் இத்தன வருசமா மலையேறுனேன்."

அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. கூடுதல் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. என் மையத்தைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து, மூச்சிரைக்க அங்கே போகிறேன். அதுவரை ராசாத்தி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் திறந்துவிட்டார்கள், உள்ளே உட்கார்ந்திருந்தாலும் வாய்க்கால் சத்தம் கேட்கிறது. அக்கா எனக்குத் தைரியத்தைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுத மாட்டேன். அவர் கொடுத்துவிட்டுப் போனது அவருடைய பயத்தை. நேற்றுக் கடைசிப் பிள்ளையை அதன் அம்மா கையில் கொடுத்த பிறகும் அது போகவில்லை. பஸ்ஸில் வரும்போதும் கூடவே வந்தது. உங்கள் ஊரிலும் வாய்க்கால் இருந்தால் இந்தப் பயத்தில் கொஞ்சம் நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் என் பங்கை விடப்போவதில்லை. அது போய்விட்டால் அன்றைக்கு நான் அக்காவின் மையத்தையும் மூன்றரைக்குப் பூட்டிவிடுவேன்.